பன்றிக்கா, மனிதனுக்கா? டென்மார்க் போட்ட உணவுக் கணக்கு

போர் வந்தால் பஞ்சம் வரும். பஞ்சம் வந்தால் நோய் வரும். நோயின் பின்னால் சாவு வரும். வரலாற்றுப் புத்தகங்களில் நாம் படித்து வந்த வரிசை இது. ஆனால் முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஒரு சிறிய நாட்டில் இந்த வரிசை தலைகீழாயிற்று. அந்நாட்டுக்கு வெளியிலிருந்து உணவுத் தானியம் வருவது நின்றது. நகரத்துக் கடைகளில் இறைச்சி அரிதாயிற்று. ரொட்டிக்கு ரேஷன் அட்டை வந்தது. மக்கள் தவிட்டு ரொட்டியும், பார்லிக் கஞ்சியும், உருளைக்கிழங்கும் உண்டு காலம் தள்ளினர். அந்த ஆண்டில் அந்நாட்டின் இறப்பு விகிதம் அதற்குமுன் என்றுமே இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது!

அந்த நாடு டென்மார்க். காலம் 1917 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரை. தாவர உணவுக்கு மாறுவது உடலுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது என்று இன்று பல அறிஞர்கள் கூறுகின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாடு முழுவதும், தான் விரும்பாமலே, இதைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. அந்தச் சோதனை எப்படி நடந்தது, அது எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தானியம் உள்ளே, இறைச்சி வெளியே

டென்மார்க் ஜெர்மனிக்கு வடக்கே உள்ள சிறிய நாடு. முதல் உலகப் போர்க் காலத்தில் அதன் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டு உழவர்கள் தானியம் விளைவித்து விற்று வந்தனர். 1870-களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் வந்து குவிந்தது. அதனோடு போட்டியிட டேனிஷ் உழவர்களால் முடியவில்லை. எனவே தானியத்தை விற்பதற்குப் பதிலாக, அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயாகவும் இறைச்சியாகவும் மாற்றி விற்கத் தலைப்பட்டனர்.

1882-இல் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கப்பட்டது. 1887-இல் முதல் கூட்டுறவுப் பன்றி இறைச்சித் தொழிற்சாலை வந்தது. பாலிலிருந்து வெண்ணெயைப் பிரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். மீந்த பாலைப் பன்றிக்கு ஊற்றினர். பன்றியைக் கொழுக்க வைத்து, அதன் இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தி அதையும் இங்கிலாந்துக்கே அனுப்பினர். தீனி போதாமற்போகவே மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் வெளிநாடுகளிலிருந்து வாங்கினர். 1914-இல் அந்நாட்டில் சுமார் 25 லட்சம் பன்றிகள் இருந்தன. மனிதருக்கு ஏறத்தாழ நிகராகப் பன்றிகள்!

1917 பிப்ரவரியில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுப்பாடின்றி ஏவியது. வழியில் கண்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. நடுநிலை நாடுகளுக்கு அது அனுப்பி வந்த பொருள்களுக்கும் தடை வந்தது. டென்மார்க் எந்தப் பக்கமும் சேராத நடுநிலை நாடுதான். ஆனால் கப்பல் வராவிட்டால் நடுநிலை சோறு போடாது. இருந்த தானியத்தை வைத்துக்கொண்டு 30 லட்சம் மக்களும் 25 லட்சம் பன்றிகளும் பிழைக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. தானியம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது.

உருளைக்கிழங்கு மருத்துவர்

இக்கேள்விக்கு விடையை முன்கூட்டியே தேடி வைத்திருந்த ஒருவர் அந்நாட்டில் இருந்தார். அவர் பெயர் மிக்கெல் ஹின்ட்ஹேடே. 1862-இல் ஜட்லாந்துப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கச் சென்ற இடத்தில் அவருக்கு ஒரு பாடம் கற்பிக்கப்பட்டது. உழைக்கும் மனிதனுக்கு நாள்தோறும் 118 கிராம் புரதம் தேவை என்பதே அப்பாடம். ஜெர்மானிய அறிஞர் கார்ல் வோய்ட் வகுத்த அளவு அது. அக்காலத்து மருத்துவ உலகம் அதை வேதவாக்காகக் கொண்டிருந்தது. அவ்வளவு புரதம் வேண்டுமானால் இறைச்சி நிறைய உண்ண வேண்டும்.

ஹின்ட்ஹேடே வளர்ந்த சிற்றூரில் மக்கள் பெரும்பாலும் முரட்டு ரொட்டியும், கஞ்சியும், உருளைக்கிழங்கும் உண்டே கடுமையாக உழைத்தனர். புத்தகம் சொல்வது சரியென்றால் அவர்கள் நலிந்து போயிருக்க வேண்டும். அவர்களோ திடமாக இருந்தனர். இந்த முரண்பாடு அவர் மனத்தை உறுத்தியது. 1895-இல் தம் உடலிலேயே சோதனையைத் தொடங்கினார். இறைச்சியைப் பெரிதும் குறைத்து, உருளைக்கிழங்கு முதலிய எளிய உணவைக் கைக்கொண்டார். உடல் தளரவில்லை. பின்னர் தம் குடும்பத்தையும் அதே வழியில் பழக்கினார்.

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிட்டென்டன் ஆசிரியர்களையும், படைவீரர்களையும், விளையாட்டு வீரர்களையும் வைத்து ஆராய்ந்தார். வோய்ட் சொன்னதில் பாதி அளவு புரதமே போதும் என்று 1904-இல் அவர் வெளியிட்டார். இன்றைய மருத்துவ நூல்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் என்று கணக்கிடுகின்றன. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஹின்ட்ஹேடேயின் ஐயம் சரியான திசையில்தான் சென்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

பின்னர் டேனிஷ் அரசு கோபன்ஹேகனில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தை அமைத்து அவரிடம் ஒப்படைத்தது. அங்கே ஃபிரெடரிக் மாட்சென் என்ற உதவியாளர் மாதக்கணக்கில் உருளைக்கிழங்கும் செயற்கை வெண்ணெயும் மட்டுமே உண்டு, நல்ல உடல்நலத்துடன் உழைத்துக் காட்டினார். கேலி செய்தவர் பலர், நம்பியவர் சிலர். போர் நெருக்கடி வந்தபோது அரசு கலந்துகொண்ட அறிஞர்களில் அவரும் ஒருவரானார்.

பன்றி ஓர் எந்திரமானால்?

இயற்பியல் வகுப்பில் மாணவர்களிடம் எந்திரத்தின் திறன் என்ன என்று நான் கேட்பதுண்டு. உள்ளே கொடுத்த ஆற்றலில் எவ்வளவு பங்கு பயனுள்ள ஆற்றலாக வெளியே வருகிறதோ அதுவே திறன் என்று உடனே விடை வரும். நீராவி எந்திரத்துக்கும் மோட்டாருக்கும் இதைச் சொல்லும் நாம், தொழுவத்தில் நிற்கும் விலங்குக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்ன?

வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கிலோ கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ 1 கோடி ஜூல். ஒரு நாளில் 86,400 வினாடிகள். வகுத்துப் பார்த்தால் சுமார் 116 வாட். ஆக, நாம் ஒவ்வொருவரும் ஒரு 100 வாட் குண்டு விளக்கைவிடச் சற்றே அதிக ஆற்றலில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறோம்.

பன்றியும் அவ்வாறே எரிகிறது. அதன் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். குளிர் நாட்டில் அவ்வெப்பத்தைக் காப்பதற்கும், மூச்சு விடுவதற்கும், நடமாடுவதற்கும், எலும்பும் தோலும் குடலும் வளர்வதற்கும் தீனியின் பெரும்பகுதி செலவாகிறது. மீதியே இறைச்சியாகவும் கொழுப்பாகவும் சேருகிறது. நவீன பண்ணைகளிலேயே, தீனியில் 100 கலோரி கொடுத்தால் பன்றி இறைச்சியாக நமக்குத் திரும்பி வருவது சுமார் 10 கலோரிதான். தானியம் போட்டு வளர்த்த மாட்டிறைச்சியில் 3 கலோரி; கோழி இறைச்சியில் 12; முட்டையில் 22; பாலில் 40.

கொழுக்க வைக்கும் பருவத்தில் ஒரு பன்றி நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ தீனி தின்னும். இரண்டரைக் கிலோ தானியத்தில் சுமார் 8,500 கிலோ கலோரி உள்ளது. அதை நேராக மனிதருக்குக் கொடுத்தால் மூன்று பேருக்கு மேல் வயிறு நிறையும்.

இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பன்றி பார்லியும் உருளைக்கிழங்கும் தின்கிறது. இவை மனிதரும் உண்ணக்கூடியவை. மாடோ நம்மால் செரிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் தின்று பால் தருகிறது. எனவே பன்றி மனிதருக்குப் போட்டியாளர். புல் மேயும் கறவை மாடு அவ்வளவு போட்டியாளர் அல்ல. பன்றியைக் குறை, கறவை மாட்டைக் காப்பாற்று என்பதே கணக்கின் விடை. டென்மார்க்கும் ஏறத்தாழ அவ்வாறே செய்தது.

மூன்றில் ஒருவர் அல்ல, எல்லாருக்கும்

25 லட்சமாக இருந்த பன்றிகள் 1918-இல் சுமார் 6 லட்சமாகக் குறைந்தன. மாடுகளும் குறைந்தன, ஆனால் அந்த அளவுக்கு அல்ல. பன்றிகளுக்குப் போன பார்லி மக்களுக்குக் கஞ்சியாயிற்று. ரை என்னும் தானியத்தைத் தவிடு நீக்காமல் அரைத்து, கோதுமைத் தவிடும் கலந்து ரொட்டி சுட்டனர். முன்பு கால்நடைக்குப் போன தவிடு இப்போது மனிதருக்கு வந்தது. தானியத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் சாராயம் வடிப்பது தடுக்கப்பட்டது. பீர் உற்பத்தியும் பாதியளவாகச் சுருங்கியது. ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி ரொட்டி அட்டை எல்லாருக்கும் கிடைத்தது. உருளைக்கிழங்கும், காய்கறியும், பாலும், சிறிது வெண்ணெயும் உணவை நிறைவு செய்தன.

விளைவை ஹின்ட்ஹேடே 1920-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். போருக்கு முன் டென்மார்க்கின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 12.5-க்குக் கீழே இறங்கியதில்லை. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த அந்த ஓராண்டில் அது 10.4 ஆயிற்று. ஆயிரத்துக்கு 2.1 என்பது பார்வைக்குச் சிறிய எண். 30 லட்சத்தால் பெருக்கினால் 6,300 வருகிறது. 6,300 பேர் ஓராண்டில் சாகாமல் தப்பினர் என்பது இதன் பொருள்.

ஐயங்கள் சில

இவ்வளவும் படித்த வாசகர் சிலர், தாவர உணவின் பெருமை நிரூபணமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடலாம். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். சோதனைச்சாலையில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துத்தான் விளைவைப் பார்ப்போம். டென்மார்க்கில் ஒரே சமயத்தில் பல காரணிகள் மாறின.

முதலாவது மது. 1917-இல் விதித்த வரியால் சாராயத்தின் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. குடியால் வரும் நோய்கள் அதனாலேயே சரிந்தன. இறப்பு குறைந்ததில் இறைச்சிக் குறைவின் பங்கு எவ்வளவு, மதுக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இன்றும் வழியில்லை. உணவும் குடியும் சேர்ந்தே காரணம் என்றுதான் ஹின்ட்ஹேடேயும் கருதினார்.

இரண்டாவது காலம். 1918-இன் இலையுதிர்காலத்தில் உலகையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா டென்மார்க்கையும் கடுமையாகத் தாக்கியது. ஹின்ட்ஹேடேயின் ஆண்டுக் கணக்கு அந்தப் பேரலைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் மிகவும் சிந்திக்கத்தக்கது. போருக்கு முன்பும் போரின் தொடக்க ஆண்டுகளிலும் டென்மார்க்கின் ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே போகும் நோய் வந்துகொண்டிருந்தது. உலகுக்கே வெண்ணெய் விற்ற நாட்டில் ஏன் இந்த அவலம்? குழந்தை மருத்துவர் கார்ல் பிளாக் இதை ஆராய்ந்தார். வெண்ணெய் கப்பலேறிப் போய்விட்டது. ஏழைக் குழந்தைகளுக்கு வாய்த்தது வெண்ணெய் எடுத்த பாலும், விலை மலிந்த செயற்கை வெண்ணெயும்தான். அவற்றில் வைட்டமின் ஏ இல்லை. முழுப்பாலும் மீன் எண்ணெயும் கொடுத்தால் நோய் குணமாவதை அவர் கண்டார்.

கப்பல் நின்றபோது செயற்கை வெண்ணெய்க்கு வேண்டிய எண்ணெயும் வரவில்லை. வெண்ணெயை வெளியே அனுப்பவும் வழி குறைந்தது. அரசு ஆளுக்கு வாரம் 250 கிராம் வெண்ணெய் என்று ரேஷனில் கொடுத்தது. 1918-இல் அந்தக் கண் நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பெரியவர்கள் இறைச்சி குறைந்து நலம் பெற்ற அதே ஆண்டில், குழந்தைகள் வெண்ணெய் கிடைத்துக் கண் பெற்றனர்!

ஆகவே டென்மார்க் உண்டது முழுத் தாவர உணவு என்று சொல்வது உண்மையாகாது. தாவரம் மிகுந்து, பாலும் வெண்ணெயும் அளவாகச் சேர்ந்த உணவு அது. வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டின் என்ற பொருள் கீரையிலும் கேரட்டிலும் நிறைய உண்டு. அவற்றை உண்டால் வெண்ணெய் இல்லாமலும் கண்ணைக் காக்கலாம். ஆனால் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி-12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்போர் அதை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ பெற்றே ஆக வேண்டும். எதை விலக்குகிறோம் என்பதோடு, அதனிடத்தில் எதை வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அண்டை நாட்டில் நடந்தது

பன்றியைக் கொன்றால் மட்டும் பசி தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்கு ஜெர்மனி சாட்சி. அங்கும் அறிஞர்கள் கூடிக் கணக்குப் போட்டனர். பன்றி மனிதனின் போட்டியாளன் என்று 1915-இன் தொடக்கத்தில் முடிவு செய்தனர். சில மாதங்களில் ஏறத்தாழ 90 லட்சம் பன்றிகள் வெட்டப்பட்டன.

கணக்கின் தத்துவம் சரி. அதற்குக் கொடுத்த எண்கள் பிழை. அரசு பறிமுதல் செய்துவிடுமோ என்று அஞ்சிய உழவர்கள் தங்களிடம் இருந்த உருளைக்கிழங்கைக் குறைத்துக் கூறியிருந்தனர். ஒரே நேரத்தில் குவிந்த இறைச்சியைக் கெடாமல் காக்க முடியவில்லை. பின்னர் இறைச்சி விலை ஏறவே, உழவர்கள் மறுபடியும் தானியத்தைப் பன்றிக்கே ஊட்டத் தொடங்கினர். 1916-இல் மழையும் நோயும் சேர்ந்து உருளைக்கிழங்கு விளைச்சலைப் பாதியாக்கின. அடுத்து வந்த குளிர்காலத்தில் மக்கள் கால்நடைக்குப் போடும் ஒருவகை டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். 'டர்னிப் குளிர்காலம்' என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றது. போர் முடிவதற்குள் பசியாலும் நலிவாலும் மாண்ட பொதுமக்கள் பல லட்சம்.

டென்மார்க் போரிடவில்லை, அதன் மக்கள்தொகை குறைவு, விளைநிலமோ அதிகம். ஜெர்மனியின் ஆட்களும் குதிரைகளும் போர்முனையில் இருந்தனர். உரத்துக்கு வேண்டிய நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போயிற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. ஆயினும் ஒரு பாடம் தெளிவு. விலங்கிடமிருந்து மிச்சப்பட்ட தானியம் மனிதர் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது மிச்சம். டென்மார்க்கில் அது ரேஷன் அட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் வழியிலேயே கரைந்தது.

நூறாண்டுக்குப் பின்

இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயிலும் இதையொத்த நிலை ஏற்பட்டது. 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் ஆட்சியில் இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் அரிதாயின. உருளைக்கிழங்கும் காய்கறியும் மீனும் கூடின. அக்காலத்தில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறப்போர் தொகை குறைந்து, போருக்குப் பின் மீண்டும் ஏறியதை ஸ்ட்ரோம், ஜென்சென் என்னும் இருவர் 1951-இல் எடுத்துக்காட்டினர். அங்கும் புகையிலைத் தட்டுப்பாடு முதலிய வேறு காரணிகள் உண்டு. ஆனாலும் உணவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தூண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று.

இன்று கேள்வி உடல்நலத்தோடு நிற்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நெமெசெக் ஆகிய இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உலகின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றின் உற்பத்தி பிடித்துக்கொள்கிறது. அவற்றிலிருந்து நாம் பெறுவதோ கலோரியில் 18 விழுக்காடு, புரதத்தில் 37 விழுக்காடு. மேய்ச்சல் நிலம் எல்லாம் உழுவதற்கு ஏற்றதல்ல என்பது உண்மையே. ஆயினும் அன்று ஒரு தொழுவத்தில் போட்ட திறன் கணக்கு இன்று பூமி முழுவதற்கும் போடப்பட்டிருக்கிறது, விடை மாறவில்லை.

டென்மார்க்கின் பன்றிகள் என்னவாயின? போர் முடிந்து கப்பல்கள் வந்ததும் அவையும் திரும்பி வந்தன. இன்று அந்நாட்டில் மக்கள்தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பன்றிகள் இருக்கின்றன. அதே டென்மார்க்தான் 2023 அக்டோபரில், தாவர உணவை வளர்ப்பதற்கென ஒரு செயல்திட்டத்தை உலகிலேயே முதலாவதாக வெளியிட்டது. கால்நடைகள் வெளிவிடும் வாயுக்களுக்கு 2030 முதல் வரி விதிப்பதென்று 2024-இல் முடிவு செய்ததும் அந்நாடே.

1917-இல் அந்தக் கணக்கைப் போட வைத்தது நீர்மூழ்கிக் கப்பல். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று நம்மை யாரும் முற்றுகையிடவில்லை. நிலமும் நீரும் காற்றும் மெல்ல மெல்லக் கணக்குக் கேட்கின்றன. நெருக்கடி வந்து கழுத்தைப் பிடிப்பதற்கு முன்பே, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நம் தட்டில் இருப்பது எங்கிருந்து, எத்தனை வயிறு கடந்து வந்தது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். வாய்பாடு தெரிந்த எந்த மாணவனாலும் போடக்கூடிய கணக்குத்தான் அது.